நோர்த்தோல்டில் பறந்த அகதிகள்
(303ஆவது போலந்து விமான அணியின் கதை)

"மலருக்கு ஒரு கட்டுரை தாரும் தம்பி, சரித்திர விஷயமாய் இருந்தால் நல்லது" என்று எங்கள் சங்கத்து மலர்க்குழு அண்ணை கேட்டார். நான் ஏ.எல். படித்ததோடு புத்தகத்தை மூடிவிட்டு இங்கே பெக்டரிக்குப் போய்வருகிற ஆள். சரித்திர ஆசிரியர் இல்லை. எண்டாலும் மேற்கு லண்டனில் இருக்கிற எங்கட சனத்தின் வாயில் ஒவ்வொரு கிழமையும் வருகிற ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதையை எழுதலாம் என்று நினைத்தேன்.

ஏ-40 றோட்டில் வாகனம் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். றைஸ்லிப்புக்குத் திரும்புகிற சந்தியில் "பொலிஷ் வோர் மெமோரியல்" என்று பெரிய பலகை நிற்கும். கலியாண வீட்டுக்கு, பிறந்தநாள் மண்டபத்துக்கு வழி சொல்லும்போது "பொலிஷ் வோர் மெமோரியல் தாண்டி வாங்கோ" என்றுதான் சொல்லுவோம். றேடியோவில் வாகன நெரிசல் சொல்கிறவர்களும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு கல்தூண், அதன் உச்சியில் செட்டையை விரித்த வெண்கலக் கழுகு, பின்பக்கச் சுவரில் வரிசை வரிசையாகப் பெயர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நோர்த்தோல்ட் விமானத்தளம்.

அந்தப் பெயர்களில் ஒரு பகுதி 303ஆவது அணியைச் சேர்ந்தவை. எங்கட ஊரில் "திரீ நோட் திரீ" என்றால் பொலிசின்ர துவக்குத்தான் நினைவுக்கு வரும். இந்த 303 ஒரு சண்டை விமான அணி. பிளேன் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் குதித்து வளர்ந்த எங்களுக்கு சண்டை விமானம் என்றால் நல்ல நினைவு ஒன்றும் இல்லை. கிபிர் வந்து போன பிறகு காதுக்குள் நிற்கிற இரைச்சல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் இந்த அணியில் இருந்தவர்களும் மேலேயிருந்து குண்டு விழுந்த ஊர்களை விட்டு ஓடி வந்தவர்கள்தான். ஆகையால் வாசகர்கள் இதை யுத்தக் கதையாக மட்டும் வாசிக்காமல் அகதிக் கதையாகவும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வந்த வழி

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது. போலந்து விமானப்படை முதல் நாளே தரையில் வைத்து முழுதாக அழிக்கப்பட்டது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. சண்டை அணிகளை முன்கூட்டியே வேறு மைதானங்களுக்கு நகர்த்தியிருந்தார்கள். அவர்கள் எழும்பிச் சண்டை பிடித்தார்கள். ஆனால் கையில் இருந்தது பி-11 என்ற பழைய விமானம். விமானி இருக்கிற இடத்துக்கு மூடி இல்லை, சில்லு உள்ளே மடங்காது, வேகமும் காணாது. செப்டெம்பர் 17ஆம் திகதி கிழக்குப் பக்கத்தால் சோவியத் படையும் உள்ளே வந்தது. இரண்டு பக்கத்தாலும் நெரிபட்ட பிறகு, எல்லையைத் தாண்டுங்கள் என்று விமானப்படைக்குக் கட்டளை வந்தது.

ருமேனியா, ஹங்கேரி என்று தாண்டினார்கள். அங்கே முகாமில் அடைத்தார்கள். பிறகு நடந்ததை நான் எங்கட சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. பெயர் மாற்றி, தொழில் மாற்றி எழுதிய கடதாசிகள், காவலுக்கு நின்றவனுக்குக் கையில் கொஞ்சக் காசு, இரவில் ஒரு வாகனம். எங்கட பாஷையில் சொன்னால் ஏஜென்சி வேலை. ஒரு வித்தியாசம், இங்கே ஏஜென்சி வேலையைப் பெரும்பாலும் புக்கரெஸ்டில் இருந்த அவர்களுடைய சொந்தத் தூதரகமே பார்த்தது. கருங்கடலில் கப்பலேறி பெய்ரூட், அங்கிருந்து பிரான்சின் மார்செய். பிரான்சில் மாதக்கணக்கில் காத்திருந்து, கொஞ்சப் பேர் பறக்கத் தொடங்க, 1940 யூனில் பிரான்சும் விழுந்துபோனது. மீண்டும் ஓட்டம். கிடைத்த கப்பலில் ஏறி இங்கிலாந்துக்கு வந்தார்கள். தங்களுக்குள் அவர்கள் இந்த நாட்டுக்கு வைத்த பெயர் "கடைசி நம்பிக்கைத் தீவு". 1940 கோடையில் இங்கே வந்து சேர்ந்திருந்த போலந்து விமானப்படையினர் 8,000க்கு மேல்.

வந்தவர்களை இங்கே உடனே நம்பவில்லை. மூன்று கிழமையில் தோற்ற நாட்டு விமானப்படை என்று நினைத்தார்கள். ஆங்கிலமும் தெரியாது. முதலில் வந்தவர்களைப் பிரித்தானிய விமானப்படையின் தொண்டர் பகுதியில் சேர்த்து, ஆங்கிலேய அரசர் பெயரில் சத்தியம் எடுக்கச் சொன்னார்கள். தங்கள் கொடியின் கீழ் சத்தியம் எடுத்தவர்களுக்கு அது தொண்டையில் முள். 1940 ஓகஸ்ட் 5ஆம் திகதி இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்த பிறகுதான் போலந்து விமானப்படை தனிப்படையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பறப்பது பிரித்தானியக் கட்டளையில், கொடியும் சின்னமும் சொந்தம்.

303ஆவது அணி நோர்த்தோல்டில் தொடங்கியது அந்த ஓகஸ்ட் 2ஆம் திகதி. அதன் நடு வேர் வார்சாவில் இருந்த 111ஆவது அணி. அந்த அணியின் சின்னத்தைப் பற்றி இங்கே ஒரு குட்டிக்கதை சொல்லவேண்டும். கொஷ்சியுஷ்கோ என்ற போலந்து வீரர் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போய் அவர்களுடைய சுதந்திர யுத்தத்தில் சேர்ந்து நின்றார். பிறகு ஊருக்குத் திரும்பி 1794இல் ரஷ்யாவுக்கு எதிராகக் கமக்காரர்களைத் திரட்டினார். அந்தக் கமக்காரர்கள் புல்லு வெட்டுகிற நீட்டுக் கத்தியைத்தான் ஆயுதமாகப் பிடித்தார்கள். 1919இல் சோவியத்தோடு போலந்துக்குச் சண்டை வந்தபோது, மெரியன் கூப்பர் முதலான சில அமெரிக்க விமானிகள் "கொஷ்சியுஷ்கோ செய்ததுக்குக் கடன் தீர்க்கிறோம்" என்று போலந்துக்கு வந்து ஓர் அணி அமைத்தார்கள். கூப்பர் சோவியத்திடம் பிடிபட்டுத் தப்பியும் வந்தார். 1933இல் கிங் கொங் படம் எடுத்தவரும் அதே கூப்பர்தான்! அவர்கள் வரைந்த சின்னத்தில் இரண்டு கத்திகள், ஒரு சிவப்புத் தொப்பி, சுற்றிவர அமெரிக்கக் கொடியின் கோடுகளும் நட்சத்திரங்களும். அந்தச் சின்னம் கைமாறிக் கைமாறி 303இன் விமானங்களில் வந்து நின்றது.

எதிர்ப்பக்கம் தள்ளுகிற கைபிடி

இந்த அணிக்கு இரட்டைத் தலைமை வைத்தார்கள். ஆங்கிலேயர் ரொனால்ட் கெலற், போலந்துக்காரர் க்ராஸ்னொடெம்ப்ஸ்கி. கெலற்றுக்குக் கீழே ஜோன் கென்ற் என்ற கனடாக்காரரும் அதொல் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலேயரும். கெலற்றும் ஃபோர்ப்சும் போலந்துக்காரரோடு பேசியது பிரெஞ்சில். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத பாஷையில் கட்டளை ஓடியது. கென்றுக்குப் பிரெஞ்சும் சரிவராது. அவர் போலந்துச் சொற்களை உச்சரிப்பு மாதிரியே தன் பறப்பு உடுப்பின் கால்பக்கத்தில் எழிதி வைத்துக்கொண்டு பறந்தார். பொடியள் அவருக்கு "கென்டோவ்ஸ்கி" என்று பட்டம் வைத்தார்கள்.

கொடுத்த விமானம் ஹரிகேன். போலந்து விமானத்தில் வேகத்தைக் கூட்டக் கைபிடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹரிகேனில் முன்னுக்குத் தள்ள வேண்டும். கை பழகியது ஒன்று, கண் முன்னால் இருப்பது வேறொன்று. வேகம் கிலோமீற்றரில் இல்லை, மைலில். உயரம் மீற்றரில் இல்லை, அடியில். பி-11இல் சில்லு எப்போதும் வெளியேதான் நிற்கும், ஹரிகேனில் அதை மடக்கவும் வேண்டும், இறங்க முன் விரிக்கவும் வேண்டும். மறந்தால் வயிற்றால்தான் இறங்கும். சிலர் இறங்கவும் செய்தார்கள். பல காலம் பறந்து பழகிய மனிதர்கள் திரும்பவும் அரிவரி வகுப்பில் இருந்தார்கள்.

வயர்லெஸ்சில் வரும் ஆங்கிலக் கட்டளைக்குப் பழக்குவதற்கு இன்னொரு வேலை செய்தார்கள். அக்ஸ்பிரிட்ஜில் ஒரு பந்தடி மைதானத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வயர்லெஸ்சும் திசைகாட்டியும் பூட்டிய மூன்று சில்லுச் சைக்கிளில் ஏற்றி, "இந்தப் பக்கம் திரும்பு, இத்தனை பாகை" என்று சொல்லிச் சொல்லி ஓடவிட்டார்கள். வார்சாவுக்கு மேலே சண்டை பிடித்தவர்கள் மைதானத்தில் சைக்கிள் மிதித்தார்கள்! ஊரில் பத்து வருஷம் லொறி ஓடினவர் இங்கே "எல்" பலகை கட்டிக்கொண்டு பிள்ளை வயது ஆசிரியருக்குப் பக்கத்தில் இருக்கிறதை நாங்கள் காணவில்லையா? அந்த வெட்கம் எப்படியிருக்கும் என்று எங்கட ஆக்களுக்கு விளங்கும்.

இவ்வளவுக்கும் அந்த ஓகஸ்டில் பிரித்தானியாவுக்கு மூச்சு முட்டியது. விமானம் செய்கிற பெக்டரிகள் இரவு பகலாக ஓடின, விமானம் வந்துகொண்டே இருந்தது. அதில் ஏறுகிற ஆள்தான் குறைந்துகொண்டு போனது. பழகிய விமானிகள் விழ விழ, அந்த இடத்துக்குப் புதிதாகப் பழகி முடித்தவர்கள் வந்தார்கள். இந்த நேரத்தில் 303 இன்னும் பயிற்சியில்தான் இருந்தது.

ஓகஸ்ட் 30ஆம் திகதி சென் ஓல்பன்ஸ் பக்கம் பயிற்சிப் பறப்பு. லுட்விக் பாஷ்கியெவிச் என்ற விமானி ஜேர்மன் விமானங்களைக் கண்டு வயர்லெஸ்சில் சொன்னார். மறுமொழி வரவில்லை. அவர் வரிசையை விட்டு வெளியே போய் ஒன்றைச் சுட்டு விழுத்திவிட்டு வந்தார். கெலற் கட்டுப்பாடு மீறியதற்கு அவரைக் கண்டித்தார். அன்று பின்னேரமே மேலிடத்தோடு பேசி, இந்த அணி சண்டைக்குத் தயார் என்றும் அறிவித்தார். கண்டிப்பும் கடமை, உண்மையைச் சொல்வதும் கடமை. கெலற்றை எனக்குப் பிடித்துக்கொண்டது அந்த இடத்தில்தான்.

செப்டெம்பர்

அடுத்த நாளிலிருந்து ஆறு கிழமை. செப்டெம்பர் 7ஆம் திகதி லண்டன் மேல் பெரிய குண்டுவீச்சு தொடங்கியபோது 303 அங்கே நின்றது. அன்று மட்டும் 14 விமானத்தை விழுத்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் சண்டை பிடித்த விதம் ஆங்கிலேயருக்குப் புதிது. ஹரிகேனில் எட்டுத் துவக்கு. எல்லாவற்றையும் சேர்த்து அமத்திப் பிடித்தால் ஏறக்குறைய 15 செக்கனில் ரவை முடிந்துபோகும். தூரத்தில் நின்று சுட்டால் பாதி வீண். போலந்துக்காரர் கிட்டப் போய், எதிரி விமானம் கண்ணாடி முழுக்க நிறைந்த பிறகே விரலை அமத்துவார்கள். வயர்லெஸ் குறைவான விமானங்களில் பழகியவர்கள் ஆனபடியால் கழுத்தைத் திருப்பி நாலு பக்கமும் பார்க்கிற பழக்கமும் இருந்தது. கணக்குக் கூடக் கூட, நோர்த்தோல்ட் தளத்துக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டான்லி வின்சென்ற் நம்பவில்லை. இவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் தானே ஒரு விமானத்தில் ஏறிப் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, சொல்வது உண்மைதான் என்று சொன்னார்.

42 நாளில் 126 விமானம் என்பது 303க்கு அந்த நாளில் எழுதப்பட்ட கணக்கு. ஹரிகேன் பறந்த அணிகளில் அதுதான் கூட. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஜேர்மன் பக்கப் பதிவோடு ஒப்பிட்டு, உண்மையில் அது பாதி அல்லது பாதியிலும் குறைவு என்று கண்டார்கள். அந்த வேகத்தில் இரண்டு பேர் ஒரே விமானத்தைச் சுட்டு இரண்டு பேரும் தன்னுடையது என்று எழுதுவது எல்லா அணியிலும் நடந்ததுதான். குறைத்த கணக்கிலும் 303 முன்வரிசையில்தான் நிற்கிறது. ஆகையால் பெருமைக்கு 126ஐக் கட்டிப்பிடிக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம்.

அதில் ஆகக் கூடிய கணக்கு, 17, யோசெஃப் ஃப்ரான்டிஷெக் என்பவருடையது. அவர் போலந்துக்காரர் இல்லை, செக்காரர். 1939 மார்ச்சில் அவருடைய நாடு விழுந்தபோது போலந்துக்கு ஓடினார். போலந்து விழுந்தபோது போலந்துக்காரரோடு ஓடினார். செக் அணிக்குப் போ என்றால் போகவில்லை. வரிசையில் பறக்கச் சொன்னாலும் கேட்கவில்லை, தனியே போய் எதிரி திரும்பிப் போகிற வழியில் காத்து நிற்பார். கடைசியில் அவரை "விருந்தாளி" என்று வைத்துக்கொண்டு தன் பாட்டில் பறக்க விட்டார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி லண்டனுக்குத் தெற்கே யூவெல் என்ற இடத்தில் அவருடைய விமானம் விழுந்து இறந்தார். சண்டையில் விழவில்லை, காரணம் இன்றுவரை தெளிவில்லை. முதல் விமானத்தை விழுத்திய பாஷ்கியெவிச் செப்டெம்பர் 27ஆம் திகதி இறந்தார். க்ராஸ்னொடெம்ப்ஸ்கி 6ஆம் திகதியே எரிகாயத்தோடு பரசூட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவருடைய இடத்துக்கு விடோல்ட் உர்பனோவிச் வந்தார்.

விமானிகளைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் பெக்டரிக்காரன், மெக்கானிக்மாரைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. அவர்களும் ருமேனியா, பிரான்ஸ் என்று அதே வழியால் வந்தவர்கள். பழகிய அளவெல்லாம் மில்லிமீற்றர். இங்கே எல்லாம் அங்குலம். ஒரு ஸ்பானர்கூடப் பழையது பொருந்தாது. எங்கட பெக்டரியிலும் பழைய மெஷின் ஒன்றுக்கு அங்குல ஸ்பானர் தனியாய்த் தொங்குது, அதைத் தேடுறதிலேயே பாதி நேரம் போகும். இவர்கள் அந்த நேரத்தில் அதையும் பழகி, மேர்லின் என்ற 12 சிலிண்டர் எஞ்சினையும் பழகினார்கள். ஹரிகேனின் பின்பாதி உருக்குக் குழாய்ச் சட்டமும் மரச்சட்டமும், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணியும். அதனால் ரவை ஒருபக்கத்தால் போய் மற்றப்பக்கத்தால் வந்தாலும் பல நேரம் பெரிய சேதம் இல்லை. துணியை ஒட்டிப் பூச்சுப் பூசினால் சரி. உலோகத் தகட்டு விமானம் என்றால் பட்டறைக்கு அனுப்பவேண்டிய காயத்தை இவர்கள் மைதானத்திலேயே வைத்து ஆற்றினார்கள். செப்டெம்பர் 15ஆம் திகதி மிகப் பெரிய சண்டை. பொழுதுபட அணியின் பெரும்பாலான விமானங்கள் அடிபட்டு வந்தன. இரவு முழுக்க மெக்கானிக்மார் நித்திரை கொள்ளவில்லை. விடிய விமானங்கள் பறக்கத் தயாராய் நின்றன. விமானி ஒருவர் பதக்கம் வாங்கும்போது அவருடைய விமானத்தைப் பார்த்த பிட்டரும் ஆமரரும் எங்கே நின்றார்கள் என்று எந்தப் படத்திலும் தெரியாது.

செப்டெம்பர் 26ஆம் திகதி அரசர் ஆறாம் ஜோர்ஜ் நோர்த்தோல்டுக்கு வந்தார். சண்டை விமானப் பிரிவின் தலைவர் டவ்டிங், போலந்து அணிகள் இல்லாதிருந்தால் முடிவு இப்படி வந்திருக்குமா என்று சொல்லத் தயங்குவேன் என்ற கருத்தில் பின்னர் எழுதினார். ஒக்டோபர் 11ஆம் திகதி களைத்துப்போன அணியை ஓய்வுக்காக வடக்கே லெக்கன்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள்.

தாங்களே எழுதிய புத்தகம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மிரோஸ்லாவ் ஃபெரிச். தகப்பன் குரோசியர், தாய் போலந்துக்காரி, பிறந்தது பொஸ்னியாவில். 1939 செப்டெம்பரில் ஊரில் சண்டை நடக்கும்போதே நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர். ஓடும்போதும் கொப்பியை விடவில்லை. நோர்த்தோல்டுக்கு வந்தபிறகு அது அணியின் நாளேடாக மாறியது. பறந்து இறங்கி வந்தவனை நித்திரைக்கு விடமாட்டார். "உன்ர கதையை உன்ர கையால எழுது" என்று கொப்பியை நீட்டிப் பிடித்துக் கலைப்பார். எல்லோரும் புறுபுறுத்துக்கொண்டே எழுதினார்கள். அரசர் வந்தபோது அவரிடமும் அதே கொப்பியை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்!

1942 பெப்ரவரி 14ஆம் திகதி நோர்த்தோல்டிலேயே ஸ்பிட்ஃபயர் ஒன்று உடைந்து விழுந்து ஃபெரிச் இறந்தார். நாளேடு நிற்கவில்லை, மற்றவர்கள் எடுத்து எழுதினார்கள். அர்காடி ஃபீட்லர் என்ற எழுத்தாளர் இந்த விமானிகளோடு இருந்து பேசி "டிவிசியோன் 303" என்ற புத்தகத்தை எழுதினார். 1942இல் லண்டனில் வெளிவந்தது. ஜேர்மன்காரர் பிடித்து வைத்திருந்த போலந்துக்குள்ளும் அதை இரகசியமாக அச்சடித்தார்கள். என்னோடு வேலை செய்கிற போலந்துப் பொடியன் ஒருவன் 2004க்குப் பிறகு வந்தவன். 303 எது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தகம் படித்தேன் என்று உடனே சொன்னான்.

இன்னொரு விஷயம், விமானப்படையின் கொடி. வில்னோ என்ற ஊரில் பெண்கள் ஒளித்திருந்து அதைத் தைத்தார்கள். யப்பானியத் தூதரகத்துக்காரர் மூலமாக எல்லை கடத்தி, 1941இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். "அன்பு தியாகத்தைக் கேட்கும்" என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு அணியும் மூன்று மூன்று மாதம் முறை வைத்துப் பாதுகாத்தது. தைத்த ஊர் யுத்தத்தின் பிறகு போலந்திலேயே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

1941இலிருந்து 1945 வரை உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்பிட்ஃபயர் கொடுத்தார்கள், பிரான்ஸ் கரைக்கு மேலே பறந்தார்கள். 1942 ஓகஸ்டில் டியெப் தாக்குதலின்போது யான் சும்பாக்கின் தலைமையில் மீண்டும் பெயர் எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் மஸ்டாங் விமானம்.

வென்ற பக்கத்தில் நின்று தோற்றவர்கள்

1945 பெப்ரவரியில் யால்டாவில் மூன்று பெரிய தலைவர்கள் கூடினார்கள். போலந்தின் கிழக்குப் பகுதி, வில்னோவும் லுவோவும் உட்பட, சோவியத்துக்குப் போனது. எஞ்சிய நாட்டுக்கு மொஸ்கோ சொல்கேட்கிற அரசாங்கம் வந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களிலும் 303 விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. ஊரே கைமாறிப் போனது தெரிந்துகொண்டு காலையில் எழும்பி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது எப்படி என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. 1945 யூலை 5ஆம் திகதி பிரித்தானியா, லண்டனில் இருந்த போலந்து அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை எடுத்துவிட்டு வார்சா அரசாங்கத்தை ஏற்றுக்கொண்டது.

1946 யூன் 8ஆம் திகதி லண்டனில் வெற்றி ஊர்வலம். பிரேசில் வந்தது, மெக்சிக்கோ வந்தது, லக்சம்பேர்க்கும் வந்தது. பிரித்தானியக் கட்டளையில் ஐந்தாறு வருஷம் நின்ற போலந்துப் படைகளுக்கு இடமில்லை. அழைப்பு வார்சாவுக்குத்தான் போனது, அவர்கள் வரவில்லை. 1940 சண்டையில் பறந்த போலந்து விமானிகள் 25 பேர் மட்டும் பிரித்தானிய விமானப்படையோடு சேர்ந்து நடக்கலாம் என்றார்கள். தரைப்படைக்காரரும் கப்பற்படைக்காரரும் வெளியே நிற்க நாங்கள் மட்டும் நடக்கமாட்டோம் என்று விமானிகள் மறுத்துவிட்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் நோர்ஃபோக்கில் உள்ள ஹெதெல் தளத்தில் 303 கலைக்கப்பட்டது.

பிறகு? ஊருக்குப் போவதா, இங்கேயே நிற்பதா என்ற கேள்வி. ஒவ்வொரு கட்டிலிலும் இரவில் அதுதான் பேச்சாக இருந்திருக்கும். திரும்பிப் போன சிலரின் கதி தெரியவந்தது. ஸ்டனிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி, 303காரர் இல்லை, ஆனால் 1940 சண்டையில் பறந்து பெயர் எடுத்தவர், 1948இல் வார்சாவில் கைதாகி மரணதண்டனை விதிக்கப்பட்டார். அது நிறைவேறவில்லை, 1956இல்தான் வெளியே வந்தார். உர்பனோவிச்சும் போய்ப் பார்த்து, பலமுறை பிடித்து விசாரிக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு வெளிக்கிட்டார். இங்கே நின்றவர்களுக்கு 1947இல் ஒரு குடியேற்றச் சட்டம் வந்தது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள். பழைய இராணுவத் தகரக் கொட்டில்களில் குடும்பங்களாக இருந்தார்கள். எங்கட வேலையைப் பறிக்க வந்தவை என்று சில தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆறு வருஷத்துக்கு முன் கதாநாயகர்களாய் இருந்தவர்களைப் பார்த்து, சண்டை முடிந்ததே, ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

1946 செப்டெம்பரில் வார்சா அரசாங்கம் 76 அதிகாரிகளின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அதில் இருந்த ஜெனரல் மாச்செக் எடின்பரோவில் மதுச்சாலையில் வேலை செய்தார். பரசூட் படை ஜெனரல் சொசபோவ்ஸ்கி, எங்களுக்குப் பக்கத்து அக்டனில் ஒரு மின்சாதனப் பெக்டரியில் ஸ்டோர் வேலை. ஜெனரல்! இதை முதன்முதல் வாசித்த அன்று இரவு வேலையில், எங்கட லைனில் நிற்கிற ஊர் ஆட்களை ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் ஊரில் கணித வாத்தியார், ஒருவர் கிளாக்கர்.

303காரர்கள் உலகமெல்லாம் சிதறினார்கள். க்ராஸ்னொடெம்ப்ஸ்கி தென்னாபிரிக்கா, பிறகு கனடா. சும்பாக்கின் கதை படத்துக்கு எடுக்கலாம். கள்ளக்கடத்தல் செய்து, ஆபிரிக்காவில் கட்டங்கா, பியஃப்ரா என்று கூலிக்குப் பறந்து 1986இல் பிரான்சில் இறந்தார். எல்லோரும் தேவர்கள் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

லண்டனில் மிஞ்சிய போலந்து அரசாங்கம், பெரும்பாலான நாடுகள் ஏற்காவிட்டாலும், 1990 வரை ஜனாதிபதி, மந்திரி என்று இருந்துகொண்டே இருந்தது. பலர் சிரித்தார்கள். 1990 டிசம்பர் 22ஆம் திகதி கடைசி ஜனாதிபதி கச்சொரோவ்ஸ்கி வார்சாவுக்குப் போய், பாதுகாத்து வைத்திருந்த பழைய அரசுச் சின்னங்களை லேக் வாலென்சாவிடம் கையளித்தார். வில்னோக் கொடி 1992இல் போலந்து போனது. உர்பனோவிச் 1995இல் ஜெனரல் ஆக்கப்பட்டு 1996இல் நியூயோர்க்கில் இறந்தார்.

ஏ-40 சந்தியில் நிற்கிற நினைவுத்தூணை அரசாங்கம் தானாகக் கட்டித் தரவில்லை. போலந்து விமானப்படையினர் தங்களுக்குள் சங்கம் அமைத்து, காசு சேர்த்து, ஜேர்மன் முகாமில் இருந்து மீண்டு வந்த லுபெல்ஸ்கி என்ற தங்கள் சிற்பியைக் கொண்டு செய்வித்தார்கள். 1948 நவம்பர் 2ஆம் திகதி திறந்தார்கள். அப்போது 1,243 பெயர்கள் பொறித்தார்கள். மிச்சப் பெயர்களுக்குச் சுவரில் இடம் போதவில்லை. பட்டியலை விடாமல் வைத்திருந்து, 1990களில் சுவரைத் திருத்தியபோது இன்னும் 659 பெயரைச் சேர்த்தார்கள்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் சவுத் றைஸ்லிப் ஸ்டேசனில் இறங்கி நடக்கலாம். செப்டெம்பரில் அங்கே வருஷாவருஷம் மலர்வளையம் வைப்பார்கள். ஃப்ரான்டிஷெக், பாஷ்கியெவிச், ஃபெரிச் மூன்று பேரும் நோர்த்வுட் மயானத்தில் போலந்துக்காரர் வரிசையில் கிடக்கிறார்கள். ஃபெரிச் தொடக்கிய நாளேடு கென்சிங்டனில் பிரின்சஸ் கேற்றில் உள்ள சிகோர்ஸ்கி மியூசியத்தில் இருக்கிறது. போக முன் திறக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு போங்கோ.